ரத்தக்குழாய்க்குள் போன கருவியின் பூச்சு உதிர்ந்தால்: செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கம் இதயத்துக்கோ மூளைக்கோ பெரிய வைத்தியம் என்றால் பெரும்பாலும் மதுரைக்கோ திருச்சிக்கோதான் போகிறோம். காரைக்குடியிலிருந்து இரண்டுமே ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ஆஞ்சியோ செய்து (ரத்தக்குழாய்க்குள் சாயம் செலுத்திப் படம் பார்த்து), தேவைப்பட்டால் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைத்து, இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு வரும் தலைவலி, கால் வலி, தோலில் திட்டு எல்லாவற்றுக்கும் உள்ளூர் டாக்டரைத்தான் பார்ப்போம். சிகிச்சை செய்தவர் ஒருவர், பின்விளைவைப் பார்ப்பவர் இன்னொருவர். வீட்டில் வயதானவர்கள் மட்டும் இருக்கிறார்கள். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ சென்னையிலோ. இந்த இடைவெளியில் நழுவிப்போகும் ஒரு பிரச்சினையைப் பற்றித்தான் இந்த வழிகாட்டி: ரத்தக்குழாய்க்குள் விட்ட கருவியின் மேல்பூச்சு உதிர்ந்து, ரத்தத்தோடு போய் எங்காவது அடைத்துக்கொள்வது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது அரிதாகக் கண்டுபிடிக்கப்படும் விஷயம். இதைப் படித்துவிட்டு ஆஞ்சியோ வேண்டாம் என்று யாரும் முடிவெடுக்கக் கூடாது. மாரடைப்பில் அடைத்த குழாயைத் திறக்காமல் விடுவதன் ஆபத்து இதைவிடப் பல மடங்கு பெரியது.

பூச்சு எதற்கு?

தொடையிலோ மணிக்கட்டிலோ சின்னத் துளை போட்டு, ஷீத் என்ற குட்டிக் குழாயை வைத்து, அதன் வழியாக கைடுவயர் என்ற மெல்லிய கம்பியை விடுகிறார்கள். அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதீட்டர் என்ற நீளமான மெல்லிய குழாய், பலூன், ஸ்டென்ட் எல்லாம் உள்ளே போகும். வளைந்து நெளிந்த குழாயில், சுவரைக் கீறாமல் இவை வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அதற்காகத்தான் மேலே பூச்சு.

பூச்சு இரண்டு வகை. ஒன்று நீரை இழுத்துக்கொள்ளும் பாலிமர்; பாலிவினைல் பைரோலிடோன் போன்றவை. சப்ஜா விதையைத் தண்ணீரில் போட்டால் சுற்றி வழவழவென்று ஒரு படலம் வருமே, அதுபோல நனைந்ததும் உப்பி வழுக்கும்; காய்ந்திருந்தால் வழுக்காது. மற்றொன்று நீரை ஒட்டவிடாத வகை. டெஃப்லான், சிலிக்கோன் இதில் சேரும். இந்தப் பூச்சுகளால் நன்மை உண்மையிலேயே அதிகம். உராய்வு குறைகிறது, குழாய் இறுகிக்கொள்வது குறைகிறது, கடினமான அடைப்பையும் தாண்ட முடிகிறது.

மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 2015 நவம்பரில் இதைப் பற்றி மருத்துவர்களுக்கு எச்சரிக்கை வெளியிட்டது. 2014 ஜனவரி முதல் அதுவரை, பூச்சு பிரிந்ததாக ஏறத்தாழ 500 புகார்கள் வந்திருந்தன; அவற்றில் 9 மரணங்களும் இருந்தன. 2010 முதல் இதே காரணத்துக்காக 11 முறை கருவிகள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டிருந்தன. அப்போதும் இந்தக் கருவிகளால் வரும் நன்மை ஆபத்தைவிட அதிகம் என்றே எஃப்டிஏ சொன்னது. 2019 அக்டோபரில், இத்தகைய கருவிகளின் உறையிலும் கையேட்டிலும் என்னென்ன எழுதியிருக்க வேண்டும் என்று தனி வழிகாட்டுதலும் கொடுத்தது.

உதிர்ந்த துகள் எங்கே போகும்?

இதைப் புரிந்துகொண்டால் அறிகுறிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ, துகளும் அந்தப் பக்கம் போகும்.

சிரையில், அதாவது இதயத்துக்குத் திரும்பும் குழாயில் கருவி போயிருந்தால், துகள் இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரலில் போய் நிற்கும். டயாலிசிஸுக்காகக் கழுத்தில் வைக்கும் கதீட்டர், ஐசியூவில் வைக்கும் பெரிய லைன் (சிரைக்குள் விடும் குழாய்), கீமோவுக்காகக் கையில் வைக்கும் நீளமான லைன் எல்லாம் இந்த வகை. மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல், இருமலில் ரத்தம் ஆகியவை வரலாம். பலருக்கு ஒன்றுமே தெரியாமலும் போகலாம்.

தமனியில் போயிருந்தால் எந்த இடத்தைத் தாண்டிப் போனது என்பதைப் பொறுத்தது. இதயத்தின் சொந்தக் குழாயில் உதிர்ந்தால் இதயத் தசையில் அடைக்கும். தொடையிலிருந்து இதயம் வரை பெருந்தமனி முழுவதையும் கருவி கடந்து போவதால், வழியில் பிரியும் சிறுநீரகம், குடல், கால் எல்லாவற்றுக்கும் துகள் போக வாய்ப்பு உண்டு. கழுத்து, மூளைக் குழாய்களில் வேலை செய்திருந்தால் மூளைக்குப் போகும்.

மூளையில் நடப்பது கொஞ்சம் வேறு மாதிரி. பெரிய துகள் உடனே அடைத்தால் பக்கவாதம் வரும், அது தெரிந்துவிடும். சின்னத் துகள்களோ அடைக்காமல் அங்கேயே தங்கிவிடுகின்றன. உடம்பு அவற்றை அந்நியப் பொருள் என்று அடையாளம் கண்டு சுற்றி வீக்கம் உண்டாக்குகிறது. இது நடக்க வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். மூளை ரத்தக்குழாய் ஓரிடத்தில் புடைத்திருந்ததற்காக அதற்குள் மெல்லிய கம்பிச் சுருள் வைத்தவருக்குச் சில மாதம் கழித்துத் தலைவலியோ வலிப்போ வந்தால், அதைப் பழைய சிகிச்சையோடு யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. எனக்கு மிகவும் கவலை தருவது இந்தத் தாமதமான வகைதான். வைத்தியம் உள்ள நோய், சொல்லப்படாத ஒரு தகவலால் நழுவிப்போகிறது.

படி 1: போவதற்கு முன் கேட்க வேண்டியவை

அவசர மாரடைப்பில் இதற்கெல்லாம் நேரமில்லை. அப்போது கேள்வி கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். தேதி குறித்துப் போகும் சிகிச்சை என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

கம்பி, கதீட்டர், ஷீத் எல்லாம் புதிதாகப் பிரிப்பவையா என்று நேராகக் கேளுங்கள். ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய கருவியின் உறையில், வட்டத்துக்குள் 2 என்ற எண்ணைக் குறுக்கே அடித்த அடையாளம் இருக்கும். செலவைக் குறைக்க இவற்றைக் கழுவி, மறுபடி கிருமி நீக்கி எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம் நாட்டில் உண்டு. கழுவும்போதும், கிருமி நீக்கும் வாயுவிலும் சூட்டிலும் பூச்சு பலவீனமாகிவிடும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை: பூச்சுள்ள கம்பியை மறுபடி பயன்படுத்தக் கூடாது. கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். “ஐயா, இவருக்கு எல்லாமே புதுசுதானே போடுவீங்க?” என்று மரியாதையாகக் கேட்டால் போதும்.

அப்புறம், முன்பு எங்கேனும் ஆஞ்சியோ, ஸ்டென்ட், டயாலிசிஸ் லைன் போட்டிருந்தால் அதையும், நகை போட்டால் அரிப்பு வருகிற உலோக அலர்ஜி இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். பின்னால் வீக்கம் எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்க அது உதவும்.

படி 2: கேத் லேபில் (ஆஞ்சியோ செய்யும் அறையில்) கவனிக்க வேண்டியவை

இந்தப் பகுதி நோயாளிக்கானது அல்ல. நம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் மதுரை, திருச்சி, சென்னை கேத் லேபுகளில் நர்ஸாகவும் டெக்னீஷியனாகவும் இருக்கிறார்கள். பூச்சு உதிர்வதில் பெரும்பகுதி கையாளும் விதத்தில்தான் இருக்கிறது. அதைத் தடுக்க முடிந்தவர்கள் அவர்கள்.

நீர் இழுக்கும் பூச்சுள்ள கம்பியை உறையிலிருந்து எடுத்த உடனே உள்ளே விடக் கூடாது. அது சுருட்டி வைத்திருக்கும் வளையத்துக்குள் சலைனை ஏற்றி, கையேட்டில் சொல்லியிருக்கும் நேரம் ஊறவிட வேண்டும். நடுவில் வெளியே எடுத்து வைத்தால் காய்ந்துவிடும். திரும்ப நனைத்துவிட்டுத்தான் விட வேண்டும். காய்ந்த காஸ் துணியால் அழுத்தித் துடைப்பதும் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பதும் பூச்சைக் கெடுக்கும். சலைனில் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்தால் போதும்.

உலோக ஊசி வழியாகப் பூச்சுள்ள கம்பியைப் பின்னுக்கு இழுக்கவே கூடாது. ஊசியின் கூர் விளிம்பு பூச்சைச் சீவிவிடும், சில சமயம் கம்பியையே வெட்டிவிடும். முதல் துளைக்குப் பூச்சில்லாத கம்பியையோ பிளாஸ்டிக் உறையுள்ள ஊசியையோ எடுத்துக்கொள்வது நல்லது.

அளவு பொருந்தாத கருவிகளைச் சேர்த்துவிட்டால் ஒன்றை ஒன்று உரசும். சுண்ணாம்பு படிந்து கெட்டியான குழாயில் பலம் கொடுத்துத் திருகினாலும் அப்படித்தான். சிக்கிக்கொண்டால் இழுத்துப் பார்ப்பதைவிட, காரணத்தைத் திரையில் பார்த்து, தேவைப்பட்டால் கம்பியையும் கதீட்டரையும் ஒன்றாகவே வெளியே எடுப்பது பத்திரம். கையேடு அனுமதிக்காத கம்பியின் நுனியை விரலால் வளைப்பதும் தவறு.

சேமிப்பும் முக்கியம். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத ஸ்டோர் ரூமில் பெட்டிகள் கிடப்பதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உறையில் வெப்ப அளவும் காலாவதித் தேதியும் போட்டிருப்பது அதற்காகத்தான்.

வேலை முடிந்து வெளியே எடுத்த கம்பியை வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். உரிந்தோ சொரசொரப்பாகவோ இருந்தால் குப்பைத் தொட்டியில் போடாமல், உறையோடு சேர்த்து எடுத்து வைத்து, லாட் எண்ணை (ஒரே தொகுதியாகத் தயாரித்தவற்றுக்கு இடும் எண்) குறித்து, டாக்டரிடம் காட்டி, கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். எக்ஸ்ரேயில் இந்தத் துகள் தெரியாது. ரத்தப் பரிசோதனையிலும் தெரியாது. அந்த ஒரு வரிக் குறிப்புதான் பின்னால் வரும் டாக்டருக்குக் கிடைக்கும் ஒரே தடயமாக இருக்கலாம்.

படி 3: வீட்டுக்குக் கிளம்புமுன் வாங்க வேண்டிய காகிதங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஸ்டென்டின் பெயர், லாட் எண் எல்லாம் இருக்கும் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தருவார்கள், அல்லது ஓர் அட்டை கொடுப்பார்கள். 2017 பிப்ரவரியில் ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு வந்தபோதே, பில்லில் ஸ்டென்டின் விலை, பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண் தனியாக இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். ஆனால் கம்பி, கதீட்டர், ஷீத் ஆகியவை உள்ளே போய்விட்டு வெளியே வந்துவிடுவதால் அவற்றின் விவரம் நம் கைக்கு வருவதில்லை. அவற்றின் ஸ்டிக்கர்கள் பல இடங்களில் கேஸ் ஷீட்டில் ஒட்டியிருக்கும். அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பொருள்வாரியான பில்லையும் வாங்குங்கள்; முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்திருந்தாலும் சம்மரியும் சிகிச்சைக் குறிப்பும் கேட்கலாம்.

2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை 3 வருடம் வைத்திருக்கவும் வேண்டும். எழுத்தில் கேட்டால் வேலை சீக்கிரம் நடக்கும்.

ஒரு வெள்ளைத்தாளில் இதைத் தமிழிலேயே எழுதி வையுங்கள்: எந்தத் தேதி, எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, எந்த வழி (வலது மணிக்கட்டா, இடது தொடையா), எந்த உறுப்புக்கு, எவ்வளவு நேரம் ஆனது, நடுவில் சிக்கல் என்று ஏதாவது சொன்னார்களா. இதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். அசலைப் பெட்டகத்தில் பூட்டி வைக்காதீர்கள். இரவு பத்து மணிக்கு ஆச்சிக்கு முடியவில்லை என்றால், பக்கத்து வீட்டுக்காரர் கையை நீட்டி எடுக்கிற இடத்தில், மாத்திரை டப்பாவோடு இருக்கட்டும்.

படி 4: வீட்டில் கவனிப்பது

திடீரென்று முகம் கோணுதல், கை கால் விழுதல், பேச்சுக் குழறல், நெஞ்சு அழுத்தம், கடும் மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் சில்லிட்டு வெளுத்து வலித்தல் ஆகியவற்றில் எது வந்தாலும் பூச்சா ரத்தக்கட்டியா என்று யோசிக்க வேண்டாம். 108. ரத்தக்கட்டியால் வந்த பக்கவாதத்துக்கு, கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நம் ஊரிலிருந்து மதுரை போகும் நேரமும் அதில் கழியும்.

மெதுவாக வருபவற்றைத்தான் நாம் தவறவிடுகிறோம். முதல் சில வாரம் தினமும் ஒருமுறை இரண்டு கால்களையும் பாருங்கள். உள்ளறைகளில் வெளிச்சம் போதாது. வளவில் பகல் வெளிச்சத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். நம் தோல் நிறத்தில் நீலம் சட்டென்று தெரியாது. உள்ளங்கால், நகக்கண், விரல் இடுக்கு ஆகியவற்றில் பார்த்தால் தெரியும். ஆத்தங்குடித் தரையில் வெறுங்காலோடு நடந்தால் இரண்டு பாதமுமே குளிர்ந்துதான் இருக்கும். ஒன்று மட்டும் மற்றதைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறதா என்பதே கேள்வி. வலைப்பின்னல் போலச் செவ்வூதா நிறக் கோடுகள், அழுத்தினாலும் மறையாத புள்ளிகள், காரணமில்லாமல் வலிக்கும் விரல் நுனி ஆகியவற்றைத் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். சர்க்கரை உள்ளவருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம் என்பதால் வலி இல்லை என்பதை நம்பி இருக்காதீர்கள்.

சிறுநீர் குறைவது, முகம் வீங்குவது, சாப்பிட்டதும் கடும் வயிற்று வலி, மலத்தில் ரத்தம் ஆகியவையும் பட்டியலில் உண்டு. மூளைக் குழாயில் வேலை செய்தவர்களுக்குப் புதுத் தலைவலி, வலிப்பு, பார்வை மாற்றம், கை கால் பலவீனம் ஆகியவற்றை ஒரு வருடம் வரையாவது சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது என்பது என் எண்ணம்.

இதில் எது வந்தாலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவே கூடாது. ஸ்டென்ட் வைத்தவர் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து உயிருக்கு ஆபத்தாகும்.

படி 5: டாக்டரிடம் சொல்லும் விதம்

“காலில் அரிப்பு, திட்டு” என்று மட்டும் சொன்னால் களிம்புதான் கிடைக்கும். இப்படிச் சொல்லுங்கள்:

“டாக்டர், அப்பச்சிக்கு ரெண்டு வாரம் முன்னாடி மதுரையில தொடை வழியா ஸ்டென்ட் வச்சாங்க. அதுக்கப்புறம்தான் இந்தத் திட்டு. அந்தக் கருவியோட பூச்சு ஏதும் உதிர்ந்து இப்படி ஆகியிருக்குமான்னு பார்க்க முடியுமா? பேப்பர் எல்லாம் கொண்டு வந்திருக்கேன்.”

உள்ளூர் டாக்டர் மறுக்க மாட்டார். பெரும்பாலும் சிகிச்சை செய்த ஆஸ்பத்திரிக்கே போன் போட்டுப் பேசுவார். இதே அறிகுறிகளுக்கு இன்னும் பொதுவான காரணங்கள் உண்டு: குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்பு சிதறுவது, ரத்தக்கட்டி, ஆஞ்சியோவில் செலுத்தும் சாயத்தால் சிறுநீரகம் பாதிக்கப்படுவது, மருந்து அலர்ஜி. அவற்றைத்தான் முதலில் பார்ப்பார்கள். அது சரியான வழியும்கூட. பூச்சு என்ற சாத்தியமும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நாம் கேட்பது.

படி 6: உறுதி செய்வது

மூளையில் சந்தேகம் என்றால் சாயம் போட்ட எம்ஆர்ஐ எடுப்பார்கள். சிகிச்சை செய்த குழாய் ரத்தம் கொடுக்கும் பகுதியில் மட்டும் சின்னச் சின்ன ஒளிர்வுகளும் சுற்றிலும் வீக்கமும் இருந்தால் சந்தேகம் வலுக்கும். காசநோய்க் கட்டி, கிருமித் தொற்று, புற்று பரவல் எல்லாம் படத்தில் இதுபோலத் தெரியலாம். அதனால்தான் எம்ஆர்ஐ எடுக்கும் சீட்டில் பழைய சிகிச்சையைக் குறிப்பிட வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவர் சாயம் போடும் முன் அதைச் சொல்லிவிட வேண்டும்.

உறுதியான விடை பயாப்சி என்ற திசுப் பரிசோதனையில்தான். தோலில் திட்டு இருந்தால் அங்கிருந்து எடுப்பது சுலபம். ஆனால் மேலாகச் சுரண்டினால் போதாது. கொழுப்பு வரை ஆழமாக எடுத்தால்தான் அடைபட்ட குழாய் கிடைக்கும். நுண்ணோக்கியில் பூச்சுத் துகள் நீலம் கலந்த ஊதா நிறத்தில், அடுக்கடுக்காக, சுருண்டு தெரியும். துருவ ஒளியில் மினுங்காது. கொழுப்புச் சிதறல் என்றால் ஊசி வடிவ வெற்றிடங்கள் தெரியும். பார்க்கிறவருக்கு ஆஞ்சியோ விவரம் தெரியாவிட்டால், அந்த ஊதாத் துண்டு ஏதோ கறை என்று போய்விடக்கூடும். பயாப்சி சீட்டில் ‘ஆஞ்சியோவுக்குப் பின்’ என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

படி 7: வைத்தியம்

உள்ளே போன நுண்துகளை வெளியே எடுக்க வழி கிடையாது. பெரிய துண்டு ஒரு குழாயை அடைத்திருந்தால் மட்டும் எடுக்க முயல்வார்கள். மூளையிலோ தோலிலோ வீக்கம்தான் பிரச்சினை என்றால் ஸ்டெராய்டு மருந்து பலருக்கு நன்றாக வேலை செய்திருக்கிறது. வலிப்பு இருந்தால் அதற்கும் மாத்திரை. ஸ்டெராய்டைக் குறைக்கும்போது வீக்கம் திரும்பலாம் என்பதால் டாக்டர் சொல்லும் வேகத்தில்தான் குறைக்க வேண்டும். சர்க்கரை ஏறும், இன்சுலின் அளவை மாற்ற வேண்டி வரலாம். சிறிய தோல் திட்டுகள் தாமாகவே ஆறுவதும் உண்டு. விரல் கறுத்துவிட்டால் அது ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை. வீட்டில் ஒத்தடம், எண்ணெய், பச்சிலை எதுவும் வேண்டாம். உணர்ச்சியில்லாத காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் புண்ணாக்கிவிட்டால் விரலைக் காப்பாற்றுவது இன்னும் கஷ்டமாகிவிடும்.

படி 8: புகார் பதிவு செய்வது

இது வழக்குப் போடுவது அல்ல, யார் மேலும் குற்றம் சொல்வதும் அல்ல. ஒரே லாட்டில் வந்த கம்பி வேறு ஊர்களிலும் உரிந்திருந்தால், எல்லாத் தகவலும் ஓரிடத்தில் சேரும்போதுதான் அது தெரியவரும். இந்தியாவில் இதற்காக மெட்டீரியோவிஜிலன்ஸ் என்ற, மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்புகளைக் கண்காணிக்கும் திட்டம் 2015 ஜூலையில் தொடங்கப்பட்டது. காசியாபாத்தில் உள்ள இந்தியன் ஃபார்மகோபியா கமிஷன் (ஐபிசி) என்ற மத்திய அரசு அமைப்பு அதை நடத்துகிறது. டாக்டர், நர்ஸ், டெக்னீஷியன் மட்டுமல்ல, நோயாளியின் வீட்டாரும் தகவல் கொடுக்கலாம். கட்டணமில்லா எண் 1800-180-3024. அவர்கள் இணையதளத்தில் கருவிப் பாதிப்புக்கான படிவம் இருக்கிறது. பல மருத்துவக் கல்லூரிகளிலும் இதற்கான மையம் உண்டு. சிகிச்சை எங்கே நடந்ததோ அங்கே கேட்டுப் பாருங்கள்.

படிவத்தில் கருவியின் பெயர், தயாரிப்பாளர், லாட் எண், சிகிச்சைத் தேதி, அறிகுறி தொடங்கிய தேதி, பயாப்சி அல்லது எம்ஆர்ஐ முடிவு எல்லாம் கேட்பார்கள். படி 3இல் வாங்கிய காகிதங்கள் இருந்தால் அரை மணி நேர வேலை. எல்லா இடத்தையும் நிரப்ப முடியாவிட்டாலும் தெரிந்ததை எழுதி அனுப்பலாம். பயாப்சி எடுத்த திசுவின் பிளாக்கை (திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியை) ஆய்வகம் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி, அந்த எண்ணையும் படிவத்தின் நகலோடு சேர்த்துக் குறித்து வையுங்கள்; இன்னொரு நிபுணர் மறுபடி பார்க்க வேண்டி வந்தால் அதைத்தான் கேட்பார்.